டிபிஎஸ் போச்சுன்னு சொன்னா முதல்ல மீட்டர் வச்சுப் பாருங்க

வாசகர் கேள்வி, மெக்கானிக் பதில்

இந்த தடவ வந்த கடிதங்கள்ல நிறைய பேரு ஒரே சாமானப் பத்திதான் கேட்டிருக்கீங்க, த்ராட்டில் பொசிஷன் சென்சார், ஒர்க்‌ஷாப்ல நாங்க டிபிஎஸ்னு சொல்றது. அதனால இந்த இதழ்ல வேற எதையும் எடுக்கல, முழுக்க அதுதான்.

கேள்வி (பாலக்கோடு வாசகர்): அண்ணா, என்கிட்ட இருக்குறது 2009 மாடல் சின்ன பெட்ரோல் கார், கேபிள் ஆக்சிலேட்டர். தக்காளி வியாபாரம், வாரத்துல ரெண்டு நாள் சேலம் போய் வரணும். திரும்பி வர்றப்ப தொப்பூர் ஏத்தத்துல கால் வச்சா வண்டி இழுக்குற மாதிரி வந்து டக்குனு விடுது, மறுபடி இழுக்குது. ஊருக்குள்ள நின்னா ஐடிலிங் ஏறி ஏறி இறங்குது, சில நேரம் ஆஃப் ஆயிடுது. செக் எஞ்சின் லைட் வருது, தானா போயிடுது. ஒரு மெக்கானிக் டிபிஎஸ் போச்சுங்கறாரு, இன்னொருத்தர் பெட்ரோல் மோட்டார் (டேங்க்ல இருந்து பெட்ரோல தள்ளுற பம்ப்) போச்சுங்கறாரு. நானே பாத்து கண்டுபிடிக்க முடியுமா?

பதில்: முடியும்ங்க. ஒரு சாதாரண மல்டிமீட்டர், ரெண்டு குண்டூசி, ஆக்சிலேட்டர மிதிக்க கூட ஒரு ஆள், அவ்வளவுதான் வேணும். ஆனா அந்த சாமான் என்ன வேல செய்யுதுன்னு தெரிஞ்சிட்டா மீட்டர்ல என்ன தேடணும்னு உங்களுக்கே புரிஞ்சிடும், அதனால அத மொதல்ல சொல்லிடறேன்.

நம்ம வீட்ல பழைய ரேடியோ இருந்துச்சே, வால்யூம் குமிழ திருகினா ஒரு இடத்துல மட்டும் கரகரன்னு சத்தம் வந்து அத தாண்டினா சரியாயிடும், ஞாபகம் இருக்கா? உங்க வண்டியில இருக்குற டிபிஎஸ்ஸும் அதே சாதிதான். உள்ள ஒரு கார்பன் பட்டை, அது மேல தேய்ச்சிட்டு போற ஒரு சின்ன கை. நீங்க ஆக்சிலேட்டர மிதிச்சா கேபிள் இழுத்து எஞ்சினுக்கு காத்து போற வழியான த்ராட்டில் பாடிக்குள்ள இருக்குற பட்டர்ஃபிளைங்கற தட்டு திறக்கும், அந்த தண்டோட இன்னொரு முனையில இந்த சென்சார் உக்காந்திருக்கும், பட்டர்ஃபிளை எவ்வளவு திறந்திருக்கோ அதுக்கு தகுந்த வோல்டேஜ இசிஎம்முக்கு, அதாவது எஞ்சின கட்டுப்படுத்தற கம்ப்யூட்டர் பெட்டிக்கு, அனுப்பும். முழுசா மூடியிருந்தா அரை வோல்ட் பக்கம், முழுசா திறந்தா 4 வோல்ட்டுக்கு மேல. இசிஎம் முக்கியமா இந்த நம்பர பாத்துதான் டிரைவர் வேகம் கேக்கறாரா, கால எடுத்துட்டாரா, ஐடிலிங்ல நிக்கிறாரான்னு முடிவு பண்ணி பெட்ரோல கூட்டி குறைக்குது.

இப்ப ஒண்ண யோசிச்சு பாருங்க. நீங்க நாலு வழிச் சாலையில ஒரே மிதியில கால வச்சுட்டு மணிக்கணக்கா போறீங்க, அந்த சின்ன கை அந்த பட்டையில அதே இடத்துலயேதான் முன்ன பின்ன அதிர்ந்துட்டே இருக்கும். அதனால பட்டை முழுசும் ஒரே மாதிரி தேயறது இல்ல, மூடின இடத்துல இருந்து கால்வாசி திறக்குற வரைக்கும் இருக்குற பகுதிதான் முதல்ல தேஞ்சு போகும். அந்த தேஞ்ச இடத்துக்கு கை வந்ததும் 1.2 வோல்ட் வர வேண்டியது திடீர்னு 0.2ன்னு விழும், இசிஎம்முக்கு நீங்க கால எடுத்துட்டீங்கன்னு தோணும், பெட்ரோல குறைக்கும், அடுத்த நொடி வோல்டேஜ் திரும்பி வரும், மறுபடி பெட்ரோல குடுக்கும். நீங்க இழுக்குது விடுதுன்னு சொல்றீங்களே, அது இப்படியும் வரலாம்.

வரலாம்னு ஏன் இழுக்கறேன்னா, அதே மாதிரி இன்னும் நாலு காரணம் இருக்கு. பெட்ரோல் மோட்டார் வீக்கானா எப்படி தெரியும்னா, ஏத்தத்துல நீங்க கால எவ்வளவுக்கு அழுத்தறீங்களோ அவ்வளவுக்கு வண்டி திணறும், கால தளர்த்தினா கொஞ்சம் தேறும். டிபிஎஸ் அப்படி இல்ல, ஒரு குறிப்பிட்ட மிதியில மட்டும்தான் ஜெர்க் அடிக்கும், அத தாண்டி அழுத்திட்டா ஒழுங்கா இழுத்துட்டு போகும். அடுத்த தடவ தொப்பூர் ஏறும்போது இத மட்டும் கவனிச்சு வைங்க, பாதி வேல முடிஞ்சது. ஐடிலிங் ஏறி இறங்குறதுக்கு த்ராட்டில் பாடியில படிஞ்ச கரி, ஐடிலிங் வால்வு அடைச்சிருக்குறது, எங்கயாவது வேக்கம் ஓஸ் வெடிச்சு காத்து இழுக்குறதுன்னு இதெல்லாமும் காரணமா இருக்கலாம், பழைய வண்டியில டிபிஎஸ்ஸ விட இதத்தான் நான் அதிகமா பாத்திருக்கேன்.

சரி, மீட்டருக்கு வருவோம். பானெட்ட தூக்கி ஏர் ஃபில்டர் பைப்ப கழட்டினா த்ராட்டில் பாடி தெரியும், ஒரு பக்கம் ஆக்சிலேட்டர் கேபிள் சுத்தியிருக்கும், எதிர் பக்கம் ரெண்டு ஸ்க்ரூவுல கருப்பு பிளாஸ்டிக் டப்பா மாதிரி ஒண்ணு, மூணு ஒயர் போகும், அதுதான். ஐடிலிங் வால்வும் பக்கத்துலயே இருக்கும், அதோட குழப்பிக்காதீங்க, பட்டர்ஃபிளை தண்டோட நேர் கோட்டுல இருக்குறதுதான் டிபிஎஸ். கப்ளர (ஒயர சென்சாரோட இணைக்குற பிளக்) கழட்ட வேண்டாம், மாட்டினபடியே இருக்கட்டும், கப்ளரோட பின்பக்கம் ஒயர் நுழையற ரப்பர் ஓரமா குண்டூசிய மெதுவா உள்ள விட்டா உள்ள இருக்குற உலோக பின்ன தொடும். ஒயர் தோல குத்தி ஓட்ட போடாதீங்க, அந்த ஓட்டையில தண்ணி போய் ஆறு மாசத்துல ஒயர் உள்ளயே கறுத்து போகும். ரெண்டு குண்டூசியும் ஒண்ணோட ஒண்ணு தொடக்கூடாது, இத விளையாட்டா எடுத்துக்காதீங்க, அங்க ஷார்ட் ஆனா இசிஎம் வரைக்கும் செலவு.

சாவி ஆன், எஞ்சின் ஸ்டார்ட் பண்ணக்கூடாது. மீட்டர் 20 வோல்ட் டிசியில, கருப்பு ப்ரோப் பேட்டரி நெகட்டிவ்ல. மூணு ஒயர்ல ஒண்ணுல 5 வோல்ட் வரணும், கொஞ்சம் முன்ன பின்ன இருக்கலாம். ஒண்ணுல ஏறக்குறைய சைபர், அது எர்த். மூணாவதுதான் சிக்னல், கால் வைக்காம இருக்கும்போது பெரும்பாலான வண்டியில 0.4ல இருந்து 0.9க்குள்ள காட்டும். கலர வச்சு முடிவு பண்ணாதீங்க, வண்டிக்கு வண்டி கலர் மாறும். இப்ப உள்ள உக்காந்திருக்கறவர ஆக்சிலேட்டர மெதுவா, ரொம்ப ரொம்ப மெதுவா, எறும்பு ஊர்ற மாதிரி அழுத்த சொல்லுங்க. நம்பர் 0.6, 0.7, 0.9ன்னு படிப்படியா ஏறிட்டே போகணும். நடுவுல எங்கயாவது டக்குனு கீழ விழுந்தாலோ, நின்னுட்டு தாவினாலோ, அந்த இடத்துலதான் பட்டை போயிருக்கு.

இதுல ஒரு விஷயம், டிஜிட்டல் மீட்டர் நம்பர மாத்திக் காட்ட கொஞ்சம் நேரம் எடுத்துக்கும், கண்ணிமைக்கிற நேரத்துல விழுந்து எழுந்துட்டா அது காட்டாது. எங்க கடையில ஒரு பழைய முள்ளு மீட்டர இதுக்குன்னே வச்சிருக்கேன். நல்ல சென்சார்ல முள்ளு அலுங்காம குலுங்காம ஏறும், தேஞ்ச சென்சார்ல அந்த இடம் வந்ததும் முள்ளு ஒரு துடி துடிக்கும் பாருங்க, ஒரு தடவ கண்ணால பாத்துட்டீங்கன்னா அப்புறம் யாரும் உங்கள ஏமாத்த முடியாது. ஆனா அந்த முள்ளு மீட்டர கொண்டு போய் ஆக்ஸிஜன் சென்சார்ல வைக்காதீங்க, அதுக்கு டிஜிட்டல்தான்.

ஆறின வண்டியில எல்லாம் சரியா காட்டி, சூடானா மட்டும் தகராறு பண்ற சென்சாரும் உண்டு. தலை காய வைக்கிற ஹேர் டிரையர ரெண்டு நிமிஷம் சென்சார் மேல காட்டிட்டு திரும்ப அளந்து பாருங்க, கூடவே ஒயர லேசா ஆட்டிப் பாருங்க.

சென்சார்தான் போச்சுன்னு உறுதியாயிட்டா மாத்துறது பெரிய வேல இல்ல. பேட்டரி நெகட்டிவ கழட்டிடுங்க. பழைய சென்சார் எந்த கோணத்துல உக்காந்திருக்குன்னு த்ராட்டில் பாடியோட சேர்த்து மார்க்கர்ல ஒரு கோடு போட்டு ஃபோன்ல ஒரு படமும் எடுத்துக்கோங்க. அந்த ரெண்டு ஸ்க்ரூதான் இந்த வேலையிலயே கஷ்டம், வருஷக்கணக்கா சூட்டுல இருந்து அலுமினியத்தோட ஒட்டிப் போயிருக்கும், தேஞ்ச ஸ்க்ரூடிரைவர வச்சு திருகினா தலை மழுங்கிடும். துருவ இளக்குற எண்ணெய கொஞ்சம் விட்டு ஊற விட்டு, சரியான அளவு ஸ்க்ரூடிரைவர வச்சு பின்னாடி லேசா ரெண்டு தட்டு தட்டிட்டு திருகுங்க. புதுச மாட்டும்போது தண்டோட தட்டையான பக்கமும் சென்சார் உள்ள இருக்குற பள்ளமும் சேரணும், நேரா வச்சா ஸ்க்ரூ ஓட்டை கொஞ்சம் தள்ளி நிக்கும், சென்சார திருகி ஓட்டைக்கு கொண்டு வரும்போது உள்ள ஸ்பிரிங் எதுக்குறது கைக்கு தெரியணும். ஸ்பிரிங் எதுப்பே இல்லாம சுத்துச்சுன்னா தப்பா மாட்டிட்டீங்கன்னு அர்த்தம், கழட்டி திரும்ப வைங்க.

ஓட்டை நீளவாக்குல இருந்தா அந்த சென்சார்ல செட்டிங் உண்டு. ஸ்க்ரூவ அரைப் பிடியா விட்டு, பேட்டரிய மாட்டி, சாவி ஆன் பண்ணி, மீட்டர்ல மூடின நிலை வோல்டேஜ உங்க வண்டி சர்வீஸ் மேனுவல்ல சொன்ன அளவுக்கு கொண்டு வந்து அப்புறம் இறுக்குங்க, இறுக்கினதும் இன்னொரு தடவ பாருங்க, இறுக்கும்போது கொஞ்சம் நகரும். பிளாஸ்டிக் சாமான், கை பலத்த காட்டினா ஸ்க்ரூ போற காது உடைஞ்சிடும். இசிஎம்ல பதிஞ்சிருக்குற பழைய கோளாறு கோட ஸ்கேனர்ல அழிச்சிட்டு, ஆக்சிலேட்டர் விட்டதும் பட்டர்ஃபிளை தடையில்லாம மூடுதான்னு கண்ணால பாத்துட்டுதான் வண்டிய வெளிய எடுக்கணும்.

ஒண்ணு கேட்டுக்கறேன், இத சரி பண்ற வரைக்கும் சேலம் போகாதீங்க. வர்றப்ப ஏத்தம்னு நீங்க ஏத்தத்த மட்டும் சொல்றீங்க, எனக்கு பயம் போறப்ப இருக்குற இறக்கம்தான். ஐடிலிங்ல ஆஃப் ஆகுற வண்டி தொப்பூர் இறக்கத்துல கால எடுத்ததும் ஆஃப் ஆனா, பிரேக் மிதிய லேசாக்குற பூஸ்டர்ல மிச்சமிருக்குற வேக்கம் (எஞ்சின் உறிஞ்சி குடுக்குற சக்தி) ரெண்டு மூணு மிதிக்குதான் தாங்கும், அப்புறம் பிரேக் கல்லு மாதிரி ஆயிடும், பவர் ஸ்டியரிங் இருந்தா அதுவும் கனத்துடும். அப்படி ஒரு வேளை ஆயிட்டா விட்டு விட்டு மிதிக்காம ஒரே அழுத்தா அழுத்திப் பிடிங்க, கியர்லயே இருங்க, நியூட்ரல் பண்ணாதீங்க, சாவிய உருவாதீங்க, ஸ்டியரிங் லாக் விழுந்துடும். பின்னாடி லாரி வரிசையா வர்ற இடம் அது.

கேள்வி (காவேரிப்பட்டணம் வாசகி): அண்ணா, எங்க கார் மாந்தோப்பு வீட்ல மரத்தடியிலதான் நிக்கும். பி0122ன்னு கோட் வந்து டிபிஎஸ் மாத்துனாங்க, ஒரு வாரத்துல திரும்ப லைட். சென்சார் டூப்ளிகேட்னு சொல்லி இன்னொண்ணு மாத்துனாங்க, அதுவும் அதே கோட். இப்ப இசிஎம் மாத்தணும்ங்கறாங்க. மாத்தலாமா?

பதில்: வேண்டாம் தங்கச்சி, கொஞ்சம் பொறுங்க. ரெண்டு புது சென்சாரும் ஒரே கோட் காட்டுதுன்னா சென்சார் மேல தப்பு இல்லன்னு அதுவே சொல்லுது. பி0122க்கு அர்த்தம் சென்சார் போச்சுன்னு இல்ல, சிக்னல் வோல்டேஜ் இருக்க வேண்டியத விட கீழ இருக்குன்னு மட்டும்தான். சிக்னல் ஒயர் அறுந்தாலும், அது பாடியில உரசி எர்த் ஆனாலும், 5 வோல்ட் ஒயர் அறுந்தாலும் பெரும்பாலும் அதே கோட்தான் வரும். பி0123ன்னா மேல இருக்குன்னு அர்த்தம், அது பல தடவ எர்த் ஒயர் அறுந்து வர்றது.

மாமரத்தடின்னு எழுதினீங்க பாருங்க, எனக்கு அங்கயே மனசு போயிடுச்சு. போன சீசன்ல பர்கூர் பக்கத்துல இருந்து ஒரு வண்டி வந்துச்சு, இதே கதை, மூணு சென்சார் மாத்தியிருந்தாங்க. மூணு பின்லயும் வோல்டேஜ் பாத்தேன், சிக்னல் வருது, ஆனா ஒயர லேசா ஆட்டினா போயிடுது. ஒயரிங் மேல சுத்தியிருந்த டேப்ப பிரிச்சிட்டே போனா, எஞ்சினுக்கு பின்னாடி சாம்பல் நிற பிளாஸ்டிக் குழாய்க்குள்ள காஞ்ச மாவிலை, நாரு, பஞ்சு, அணில் கூடு கட்டியிருக்கு. சிக்னல் ஒயர்ல ரெண்டு பல்லு தடம், தோல் போய் செம்பு தெரியுது, மழைத் தண்ணி பட்டு பட்டு பச்சையா களிம்பு பூத்து, பத்து பதினஞ்சு இழை இருக்குற இடத்துல ரெண்டே இழைதான் மிச்சம் இருந்துச்சு. விரல்ல தொட்டதும் பொடியா உதிர்ந்துச்சு. ஒரு அடி ஒயர் மாத்தி சால்டர் பண்ணி ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் போட்டு குடுத்தோம், அதோட சரி. மூணு சென்சாருக்கு குடுத்த காச நினைச்சா வயிறு எரியுது எனக்கு, அவங்க காசுதான், ஆனாலும்.

உங்க மெக்கானிக்க ஒண்ணே ஒண்ணு பண்ண சொல்லுங்க. டிபிஎஸ் கப்ளர கழட்டிட்டு, எது 5 வோல்ட் எது சிக்னல்னு வரைபடத்துல பாத்து உறுதி பண்ணிட்டு, அந்த ரெண்டு பின்னையும் ஒரு சின்ன ஒயர்ல சேர்த்துட்டு ஸ்கேனர்ல பாக்கட்டும். எர்த் பின்ன தொடவே கூடாது. இப்ப கீழ இருக்குன்னு சொல்ற கோட் மேல இருக்குன்னு மாறி பி0123 வந்துச்சுன்னா இசிஎம்மும் ஒயரும் அந்த நேரத்துக்கு நல்லா இருக்குன்னு அர்த்தம், அப்படியே ஒயர ஆட்டிப் பாக்கணும். மாறவே இல்லன்னா ஒயர்ல தேடணும், இசிஎம்முக்கு கை வைக்கிறது கடைசியில. 5 வோல்ட்டே வரலன்னாலும் இசிஎம்னு முடிவு பண்ணக்கூடாது, அதே 5 வோல்ட், எஞ்சினுக்கு போற காத்தோட அழுத்தத்த அளக்குற மேப் சென்சாருக்கும் போற வண்டி நிறைய இருக்கு, அங்க ஷார்ட் ஆனா இங்கயும் விழுந்துடும், ஒவ்வொரு கப்ளரா கழட்டிப் பாத்தா எது இழுக்குதுன்னு தெரிஞ்சிடும். வண்டிய முடிஞ்சா மரத்தடியில இருந்து தள்ளி நிறுத்துங்க, வாரத்துக்கு ஒரு தடவ பானெட்ட தூக்கிப் பாருங்க.

கேள்வி (ஓசூர் வாசகர்): சார், என் கார் பிஎஸ்6, ஆக்சிலேட்டர்ல கேபிளே இல்ல. கிருஷ்ணகிரி டோல்கேட் தாண்டினதும் திடீர்னு பிக்கப் போயிடுச்சு, எவ்வளவு அழுத்தினாலும் நகரவே மாட்டேங்குது, ஆஃப் பண்ணி ஆன் பண்ணா சரியாயிடுச்சு. ஸ்கேன்ல பி2135. டிபிஎஸ் மட்டும் தனியா மாத்தலாமா?

பதில்: பெரும்பாலும் முடியாது சார். உங்க வண்டியில பட்டர்ஃபிளைய திறக்குறது ஒரு மோட்டார். த்ராட்டில் பாடிக்குள்ளயே ரெண்டு சென்சார் இருக்கும், ஒண்ணு சொல்றத இன்னொண்ணு சரிபார்க்கும். ரெண்டும் ஒத்துப் போகலன்னாதான் பி2135. எத நம்புறதுன்னு இசிஎம்முக்கு தெரியாததால பாதுகாப்புக்கு பவர குறைச்சிடுது, அது வண்டிய ஓரம் கட்டறதுக்கு மட்டும் விட்டு வைக்கிற பவர், அதுல ஊர் போய் சேரலாம்னு நினைக்காதீங்க.

மாத்தறதுன்னா முழு த்ராட்டில் பாடியா மாத்தற மாதிரி இருக்கும், விலை பழைய மூணு ஒயர் சென்சார விட பல மடங்கு. அதனாலதான் சொல்றேன், முதல்ல கப்ளர் பின்னு, பேட்டரி டெர்மினல், எஞ்சின் எர்த் ஒயர் மூணையும் பாக்க சொல்லுங்க. வாட்டர் சர்வீஸ்ல எஞ்சின் மேல ப்ரஷர் தண்ணி அடிச்ச மறுநாள் இந்த கோட் வந்த வண்டிங்க நிறைய, கப்ளர கழட்டி உலர்த்தினதும் சரியாயிருக்கு. ஸ்கேனர்ல லைவ் டேட்டா வச்சு ரெண்டு சென்சாரும் ஒண்ணுக்கொண்ணு ஒத்துப் போகுதான்னு பாக்க சொல்லுங்க. சும்மா நிக்கும்போது த்ராட்டில் 12, 14 சதவீதம்னு காட்டினா பயப்படாதீங்க, பல வண்டியில மூடின நிலையே அப்படித்தான் காட்டும். ஆக்சிலேட்டர் பெடல்லயும் தனியா சென்சார் உண்டு, அதுக்கு கோட் வேற, ரெண்டையும் ஒண்ணுன்னு நினைச்சு மாத்திடக் கூடாது.

சாவி ஆன்ல இருக்கும்போது அந்த பட்டர்ஃபிளைக்குள்ள விரல விடாதீங்க, மோட்டார் மூடினா விரல் போயிடும். புதுசு மாட்டின பிறகு ஐடிலிங் லேர்னிங் பண்ணணும், அதாவது புது த்ராட்டில் பாடிக்கு இசிஎம்ம பழக்கணும், அது வண்டிக்கு வண்டி வேற, உங்க கம்பெனி சர்வீஸ் முறைப்படிதான் பண்ணணும்.

கேள்வி (அரூர் வாசகர்): அண்ணே, 2005 மாடல் வண்டி, வாங்கின பிறகு கேஸ் கிட் போட்டது. காலையில செல்ஃப் நல்லா அடிக்குது, ஸ்டார்ட் ஆக மாட்டேங்குது. பிளக் புதுசு, பெட்ரோல் வருது. தற்செயலா டிபிஎஸ் கப்ளர கழட்டினப்ப ஒரே செல்ஃப்ல ஸ்டார்ட் ஆயிடுச்சு. இது எப்படி?

பதில்: நீங்க தற்செயலா பண்ணினதுதான் சரியான டெஸ்ட் தம்பி. நிறைய வண்டி இசிஎம்ல ஒரு ஏற்பாடு இருக்கு, எஞ்சின்ல பெட்ரோல் ரொம்ப அடைச்சிக்கிட்டா ஆக்சிலேட்டர முழுசா அழுத்தி செல்ஃப் அடிச்சா பெட்ரோல் தெளிக்கிற இன்ஜெக்டர நிறுத்திடும், வெறும் காத்து போய் பெட்ரோல வெளிய தள்ளும். உங்க சென்சார் கால் வைக்காமயே 4 வோல்ட்டுக்கு மேல குடுத்தா நீங்க முழுசா அழுத்தறீங்கன்னு நினைச்சுட்டு பெட்ரோலே விடாது. கப்ளர கழட்டினதும் அந்த தப்பு தகவல் நின்னுடுச்சு, ஸ்டார்ட் ஆயிடுச்சு.

ஆனா கேஸ் கிட் போட்டதுன்னு எழுதியிருக்கீங்களே, கிட் போடறவங்க டிபிஎஸ் சிக்னல் ஒயர வழியில வெட்டி அதுல இருந்து ஒரு ஒயர் அவங்க பெட்டிக்கு இழுத்திருப்பாங்க, அந்த ஜாயின்ட்ட வெறும் முறுக்கு போட்டு டேப் சுத்தினதா இருந்தா முதல் சந்தேகம் அங்கதான். அந்த ஜாயின்ட்ட பிரிச்சு, கிட் ஒயர தனியா விட்டுட்டு, சிக்னல் வோல்டேஜ பாருங்க. அரை வோல்ட் பக்கம் வந்துடுச்சுன்னா சென்சார் வாங்க வேண்டாம், ஜாயின்ட்ட சால்டர் பண்ணா போதும். அப்பவும் 4 வோல்ட்டுக்கு மேலயே நின்னா எர்த் ஒயர பாருங்க, அதுவும் நல்லா இருந்தாதான் சென்சார்.

கேள்வி (பென்னாகரம் வாசகர்): த்ராட்டில் பாடிய கிளீனர் ஸ்பிரே அடிச்சு நானே கழுவலாமா? டிபிஎஸ் கெட்டுப் போகுமா?

பதில்: கழுவலாம், ஆனா நேரா அடிக்காதீங்க. வெள்ளை துணியில ஸ்பிரே பண்ணி பட்டர்ஃபிளை ஓரத்தையும் அது மூடற இடத்தையும் துடைச்சு எடுங்க, கரி வர்றது நின்னதும் விட்டுடுங்க. தண்டு பக்கமா ஸ்பிரே வழிஞ்சா சென்சாருக்குள்ள இறங்கி கிரீஸ கரைச்சிடும். கேபிள் வண்டின்னா துடைக்கும்போது பட்டர்ஃபிளைய கையால திறந்துக்கலாம், கேபிள் இல்லாத வண்டியில கையால தள்ளித் திறக்காதீங்க, உள்ள பிளாஸ்டிக் கியர் இருக்கு. துடைச்ச பிறகு முதல் ரெண்டு நாள் ஐடிலிங் கொஞ்சம் ஏறி இருந்தா உடனே ஸ்க்ரூவ திருகிடாதீங்க, இசிஎம் புது அளவுக்கு பழகுதான்னு பாத்துட்டு அப்புறம் சொல்லுங்க.